மேற்கு முகத்தில் நாலு பத்து

அத்தே,

மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். நாலு கடிகாரத்தையும் இறக்கிவிட்டு, நாலு பக்கமும் ஒரே நேரம் காட்டுகிற மாதிரி புதுசு மாட்டப் போகிறார்களாம். கடைத்தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. அதை மோந்ததும் உன்னைப் பெண் பார்க்க வந்த வருஷம்தான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா வீட்டுக்கு வெள்ளையடிப்பார். மூணாவதாகப் பார்த்துவிட்டுப் போனவர்களும் சேதி அனுப்பாமல் இருந்தபோது, "செவுத்துக்கு அடிச்சது போதும்ணே, மிச்சத்தை எனக்கு அடிச்சுடு" என்றாய். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், கொஞ்சம் லேட்டாக.

வெளியூர்க்காரனுக்கு அது வெறும் கூண்டு. நமக்கு நாலு முகம், நாலு குணம். யாரோ ஒரு பட்டு வியாபாரி பேரன் பிறந்த சந்தோஷத்தில் கட்டினதாம். பேரன் வளர்ந்ததும் கடிகாரத்தைக் கவனிக்க ஆளில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்த கிழக்கு முகம் பத்து நிமிஷம் முந்தும். நெசவுத் தெருவைப் பார்த்த மேற்கு முகம் அரை மணிக்குக் கொஞ்சம் குறைச்சலாகப் பிந்தும். தெற்கே பெரிய முள் கிடையாது, அங்கே எல்லாமே சுமார் மணி. வடக்கே காக்காய் குடித்தனம். அதனால்தான் நம்மூரில் மணி சொன்னால் முகத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். "பிரம்மாவுக்கும் நாலு முகம்தான். அவர் எழுதறது மட்டும் சரியாவா கீது?" என்பாய் நீ.

போளூர்க்காரர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. கூட்டிவர என்னை அனுப்பினாள் அம்மா. "ஜல்தியா போ. வாயை மட்டும் வூட்ல வெச்சுட்டுப் போ."

பஸ் லேட். மாப்பிள்ளையின் அம்மா மகனோடு பூவும் பழமுமாக இறங்கி, நேரே மேலே பார்த்தார். கிழக்கு முகம் நாலே முக்கால்.

"ராகு காலம் பொறந்துடுச்சே. இந்த நேரத்துல பொண்ணு பார்த்தா வெளங்குமா? வா, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிடலாம். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

இன்னொரு நாள் என்று போனவர்கள் யாரும் இதுவரை வரவில்லை. நீ அங்கே தலை நிறையப் பூவோடு உட்கார்ந்துகொண்டிருந்தாய்.

"அம்மா, அது பஸ்காரங்க முகங்க," என்றேன். "குடும்பக் காரியத்துக்கெல்லாம் நாங்க மேற்கு முகந்தான் பார்ப்போம். இப்படி சுத்தி வாங்க."

சுற்றிக் கூட்டிப்போய்க் காட்டினேன். நாலு பத்து.

"நல்லவேளை," என்றார். "இன்னும் இருபது நிமிஷம் கீது. நடங்க, நடங்க."

அப்போதுதான் மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நானும் பார்த்துவிட்டேன். நாலு முப்பத்தைந்து. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையை நிதானமாகக் கீழே இழுத்துவிட்டு, வாட்ச் மறைகிற மாதிரி பட்டனைப் போட்டுக்கொண்டார்.

நடக்கும்போது மெதுவாகக் கேட்டார். "உங்க அத்தை போட்டோவுல சிரிக்கவே இல்லியே. எப்பவுமே அப்படித்தானா?"

"சிரிச்சா போட்டோவுல இடம் பத்தாதுங்க."

அவர் வாயைத் திறந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் அவர் பேசியே யாரும் அதிகம் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நீ ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வாய்: "என்னை எங்கடா அவருக்குப் புடிச்சுது? அவங்கம்மாவுக்கு நேரம் புடிச்சுது. இவர் தலையாட்டினார்." மாங்காய்க்கு உப்புப் போதவில்லை என்கிற குரலில் சொல்வாய். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். ஆனால் அந்த வாட்ச் சேதி உன் மாமியார் காதுக்குப் போனால், பால் திரிந்தாலும் அந்த ராகு காலத்தால்தான் என்று உன்னைப் பேஜார் பண்ணுவார்களே. மாமாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டே வருஷம். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் காரியம் முடிந்த அன்று மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "அந்த வாட்ச் விஷயத்தை அவகிட்ட சொன்னியாடா?"

"இல்ல மாமா. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு..."

"நான் எங்கடா பேசறேன்." வாளிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். "வாயாடிப் பையன், நீ சொல்லிட்டிருப்பேன்னு இருந்துட்டேன்."

பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் இன்னும் எல்லாரும் சிரிக்கிறார்கள், அத்தே. ஒவ்வொரு தடவையும் இதுதான் முதலில் தொண்டைக்கு வருகிறது. விழுங்கிவிட்டு வேறு எதையாவது சொல்லிவைக்கிறேன். இந்தக் கடிதத்தில் விழுங்கவில்லை. கெட்ட நேரம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் உன்னைப் பார்க்க நடந்து வந்தார்.