ஆயருடைய தாய்வழித் தாத்தா

கான், பிரான்ஸ்
4 அக்டோபர் 1987

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி இக்னேஷியஸ் எழுதுவது. குளிர் தொடங்கிவிட்டது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? மகள் செலினுக்குப் பள்ளிக்கூட வேலை நிலைத்துவிட்டதா?

என் ஆராய்ச்சிக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இந்த நார்மண்டிச் சீமையில் ஓடோ என்று ஓர் ஆயர் இருந்தார். பக்கத்தில் இருக்கும் பாயூதான் அவருடைய மறைமாவட்டம். மீசை முளைத்த வயதிலேயே ஆயர் ஆகிவிட்டார். எப்படி என்கிறாயா? சீமையை ஆண்ட கோமகன் வில்லியம் அவருக்கு அண்ணன். தாய் ஒன்று, தகப்பன் வேறு. வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்து அரசனானதும் ஆயருக்கு அங்கேயும் பெரிய சொத்து வந்தது. ஒரே குடும்பம் இவ்வளவு உயரம் ஏறியது எப்படி என்பதுதான் என் கேள்வி.

அந்தப் போர்க்கதை முழுவதையும் எழுபது மீட்டர் துணியில் ஊசியால் தைத்து வைத்திருக்கிறார்கள். தைக்கச் சொன்னவர் ஆயர்தான் என்று பேச்சு. குதிரைமேல் தடியோடு அவரும் அதில் இருக்கிறார். அதைப் பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது.

செலினுக்கு வந்திருக்கும் பூந்தமல்லி வரன் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் வந்து அப்பாவைப் பற்றிக் கேட்டால், வியாபாரம் செய்தார் என்று மட்டும் சொல். பையனுடைய பெரியப்பா ஒரு பங்குச் சாமியார். நானும் ஒரு சாமியார், திரும்பி வந்து குருமடத்தில் பாடம் நடத்த வேண்டியவன். சாதிப் பேச்சு வளர வேண்டாம்.

பாசமுள்ள தம்பி,
இக்னேஷியஸ்


ஆவடி குவார்ட்டர்ஸ்
2 நவம்பர் 1987

தம்பிக்கு,

ஊரார் முன்னால் உனக்குத் தோத்திரம் சாமி சொல்கிறேன். காகிதத்தில் நீ எனக்குத் தம்பிதான்.

மாமாவின் முழங்கால் தேவலாம். செலின் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஃபேக்டரியில் என்னோடு தைக்கிறவர்களிடம் அந்தத் துணியைப் பற்றிச் சொன்னேன். எழுபது மீட்டரா என்று வாயைப் பிளந்தார்கள். என்ன தையல் என்று கேட்டு எழுது. நாங்கள் பட்டாளத்துச் சட்டைக்குப் போடும் தையல் தொள்ளாயிரம் வருடம் தாங்காது.

ஒன்று கேட்கிறேன். ஆயருக்கு அண்ணன் இருக்கிறான், சொத்து இருக்கிறது. உன் காகிதத்தின் இரண்டு பக்கத்திலும் அவரைப் பெற்றவளின் பேரைக் காணோமே? அவளைப் பெற்றவர் யார்?

வியாபாரி என்று சொல்லச் சொல்கிறாய். உன் குருப்பட்ட அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சடித்தாய். அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இந்த முறையும் பேசாமல் இருப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உன் அக்கா,
ஞானசௌந்தரி


கான்
6 டிசம்பர் 1987

அன்பு அக்கா,

துணியில் கோடுகளுக்குக் காம்புத் தையல். உருவங்களுக்குள் நூலை நெருக்கமாகப் பரப்பி, மேலே குறுக்கு நூல் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ஆயரின் தாய் பெயர் ஹெர்லேவா. ஃபலேஸ் என்ற ஊர்க்காரி. அவளுடைய தகப்பன் ஃபுல்பர்ட் தோல் பதனிட்டவர் என்பது பழைய பேச்சு. இல்லை, பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்தவர் என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும் பெரியவர்கள் தொட விரும்பாத வேலை. ஒருமுறை வில்லியம் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் மதில்மேல் தோலை அடித்து அவன் தாய்வீட்டைக் கேலி செய்தார்களாம். கோட்டையைப் பிடித்ததும் முப்பத்திரண்டு பேருடைய கைகால்களை வெட்டினான்.

இதையெல்லாம் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு அது முக்கியமில்லை.

பிடிவாதம் வேண்டாம் அக்கா. ஒரு சொல்தானே.

இக்னேஷியஸ்


ஆவடி
24 ஜனவரி 1988

தம்பிக்கு,

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அவர்கள் வந்தார்கள். பையன் ஜேம்ஸ், திருமழிசையில் லேத் பட்டறையில் இருக்கிறான். நல்ல முகம். அவனுடைய அத்தைதான் பேசினாள்.

"ஒங்க நைனா இன்னா வேல செஞ்சிகினு இருந்தாரு?"

"பல்லாவரத்துல டேனரில இருந்தாரு. தோல் பதம் போடுவாரு. முப்பத்தோரு வருசம்."

"மேஸ்திரியா?"

"கூலி. சுண்ணாம்புத் தொட்டில எறங்கி நின்னவரு. அதுலதான் எங்க தம்பி சாமியாரானான்."

காபி பாதியில் நின்றது. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள்.

பத்து நாள் கழித்து ஜேம்ஸ் மட்டும் பட்டறைச் சட்டையோடு வந்து என்னிடம் பேசினான். "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. செலின எனக்குப் புடிச்சிக்கீது. பெரியப்பாசாமிக்காவ வியாபாரின்னு சொல்லிக்கலாம். பத்திரிகையிலயும் அப்டியே போட்டுக்கலாம்."

நான் வாய் திறப்பதற்குள் செலின் உள்ளேயிருந்து வந்தாள். "எங்க தாத்தாவ மறைச்சி வச்சாத்தான் என்னக் கட்டுவீங்கன்னா, எனக்கு வேணாங்க. ஒக்காருங்க, டீ குட்ச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனான், பாவம். அவள் அழவில்லை, நான் அழுதேன். அப்புறம் கேட்டாள்: "மாமா சாமியும் இதத்தானம்மா எழுதிகீறாரு?" உன் காகிதத்தை அவளும் படித்திருக்கிறாள். அதற்கு நீயே பதில் சொல்.

தோலை அடித்துக் கேலி செய்தவர்கள் கையை ராஜா வெட்டினான் என்று எழுதினாயே. வெட்டுவது சுலபம். ஆமாம், அவர்தான் என் தாத்தா என்று சொல்ல அந்த ராஜாவுக்கு வாய் வந்ததா? ஆயருக்காவது வந்ததா?

ஞானசௌந்தரி


ஆவடி
19 ஜூன் 1988

தம்பிக்கு,

நான் எழுதி ஐந்து மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து காகிதம் இல்லை. கோபமாக இருந்தால் இருந்துகொள். நேரத்துக்குச் சாப்பிடு. நான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா


கான்
7 ஆகஸ்ட் 1988

என் அக்காவுக்கு,

கோபம் இல்லை. வெட்கம். அதனால்தான் எழுத முடியவில்லை.

ஏப்ரலில் ஃபலேஸ் போனேன். கோட்டைக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது. ஹெர்லேவா அங்கேதான் துணி துவைத்தாள் என்று ஊரார் காட்டுகிறார்கள். உண்மையோ பொய்யோ, அங்கே உட்கார்ந்திருந்தபோது உனக்குத் தெரியாத ஒன்று நினைவுக்கு வந்தது. என் குருப்பட்டத்தன்று எல்லோரும் வரிசையில் வந்து என் கையை முத்தமிட்டார்கள். அப்பா வந்தபோது, சுண்ணாம்பு தின்ற தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு குனிந்தார். பட்டம் கொடுத்த ஆயர் பக்கத்தில் நின்றார். நான் அந்தத் துண்டை விலக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு.

திரும்பி வந்து அடிக்குறிப்பை எடுத்துவிட்டு அதையே முதல் அத்தியாயமாக எழுதினேன். நீ கேட்டதற்குப் பதில்: ராஜாவோ ஆயரோ தங்கள் வாயால் தாத்தாவைச் சொன்னதாக ஓர் ஏட்டிலும் நான் காணவில்லை. எழுபது மீட்டர் துணியிலும் அந்தத் தாய் இல்லை. அதையும் எழுதிவிட்டேன்.

பேராசிரியர் படித்துவிட்டு, "சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றி இவ்வளவு எந்தப் புத்தகத்தில் கிடைத்தது?" என்று கேட்டார். புத்தகம் இல்லை, என் அப்பா அதில் நின்றவர் என்றேன். முதல் தடவை அக்கா. அதுவும் அந்நிய மொழியில். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. முன்னுரையில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

அப்பாவின் வேலையைப் பற்றிக் குருமடத்து அதிபருக்கும் நானே எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. அந்த வேலை கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, சின்னப் பங்கு ஒன்று கொடுத்தாலும் பூசை வைக்கத் தெரியும்.

இத்துடன் செலினுக்குத் தனியாக ஒரு கடிதம். பிரித்துப் படிக்காதே. மன்னிப்பு அவளிடம் கேட்க வேண்டியது.

உன் தம்பி,
தோல் தொழிலாளி அருள்தாஸ் மகன்
இக்னேஷியஸ்


ஆவடி
27 ஆகஸ்ட் 1988

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. துண்டு விஷயம் எனக்கும் தெரியும். அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் நான்தான். நீ அதைக் கவனிக்கவே இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

செலின் தன் கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் மாமாவுக்கும்" என்று சொல்லிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குக் கிளம்பிவிட்டாள், வெளிநாட்டுக் காகிதம் வாங்க. என்னையும் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறாள். மீதியை அவளே எழுதுவாள்.

அக்கா