அப்பாவின் அசல் வயது

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் பிரமிளாவுக்கு,

அம்மா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் இங்கே நாட்கள் ஓடுகின்றன. கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? போனிலேயே பேசலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் "நல்லாத்தான்லா இருக்கோம்" என்று முந்திக்கொள்கிறார். அதனால்தான் அவர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாம் மாடி இப்ராஹிம் வீட்டுப் பூனைமேல் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. தினமும் அங்கே நின்று அதைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் மேலே வருகிறார். பூனை என்றாலே விரட்டுகிற மனிதர்!

போன வாரம் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் மிஸி நோர்மா ரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்து, அடையாள அட்டையின் ஐ.சி. நம்பரைக் கணினியில் தட்டினார். வயது அதிலிருந்தே வந்துவிடுமாம். பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வர வாய்ப்பு குறைவு, இப்போது மருந்து வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். மூச்சு வாங்குவதைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை.

ஐ.சி.யில் அவருக்கு அறுபத்திரண்டு. அசல் வயது அறுபத்தாறு என்பது நமக்குத்தானே தெரியும். எஸ்டேட்டில் பத்து வயதுப் பையனைப் பள்ளியில் சேர்ப்பதற்காக ஆறு என்று பதிந்துவிட்டார்கள். மாரடைப்பு வாய்ப்பைச் சொல்லும் அந்தக் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட வயதுக்குத்தான் கனம் அதிகம் என்று, அதையே அங்கே ஆராய்கிற நீதான் சொல்லியிருக்கிறாய். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் என் காலை மிதித்துவிட்டார்.

வெளியே வந்ததும், "ஐ.சி. சொல்றதுதான்லா கவர்மெண்ட் வயசு" என்று சிரிப்பு வேறு. அவர் வேலை பார்க்கும் மாக் மண்டின் ஃபேக்டரியில் அறுபத்தைந்துக்குமேல் ஜாகாவாகக் காவலுக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். விஷயம் எப்படியாவது அங்கே போய்விடும் என்று பயம்.

நான் சொல்லி அவர் கேட்டது எந்தக் காலத்தில்? மகள் சொன்னால்தான் வேதவாக்கு. கிளினிக் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன்; அசல் வயதைப் போட்டுக் கணக்குப் பார், மா. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் ஃபெர்ரியில் அக்கரைக்கு வேலைக்குப் போய்த் திரும்பும்வரை எனக்குச் சமையலில் கை ஓடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆராய்ச்சியில் ஆட்கள் சேர்ந்த அன்று இருந்த வயதையே கடைசிவரை வைத்துக் கணக்குப் போடுவது பெரிய தப்பு, அவர்களுக்கு வருடா வருடம் வயது ஏறுகிறதே என்று தீபாவளியன்று போனில் எனக்கு விளக்கினாய். எங்களையும் நீ அப்படித்தான் வைத்திருக்கிறாய், பிரமிளா. ஏர்போர்ட்டில் உன் பெரிய பெட்டியை ஒரு கையால் தூக்கி வைத்தாரே, அந்த அப்பாதான் உன் மனத்தில் இன்னும் நிற்கிறார். அவரை நினைத்துத்தான் அடுத்த வருடம் வருகிறேன், அடுத்த வருடம் வருகிறேன் என்கிறாய். அந்த அப்பா இப்போது இங்கே இல்லை, மா. உன்னைப் பார்க்காமல் எனக்கும் முடியவில்லை.

அதனால் விடையைப் போனில் சொல்லாதே. வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

எப்போதும் கடைசி வரியில் ஆசீர்வாதம் எழுதி அனுப்புவேன். இந்தத் தடவை அனுப்பவில்லை. அப்பா கையால் திருநீறு பூசிக்கொள்ள நீயே வா.

காத்திருக்கும்,
அம்மா