பால் கொடுத்தவளை அனுப்புகிறேன்

அன்பு மகள் நஷ்வாவுக்கு, துமியாத்திலிருந்து உன் அம்மா அவாதிஃப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மிலானில் நீயும் மாப்பிள்ளை வாயேலும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, காலில் இருக்கிற வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது, மனசில் இருக்கிற வீக்கம் கொஞ்சமும் வடியவில்லை. போனில் பேசாமல் அம்மா எதற்குக் காகிதத்தைத் தேடினாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நான் அழுவேன், என்னைப் பார்த்து நீ அழுவாய், நிறைமாதத்தில் அது வேண்டாம். அதோடு எங்கள் சமையலறை ஜன்னலும் பக்கத்து வீட்டு இன்ஷிராஹ்வின் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுவழியைப் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாததா, இங்கே நான் தும்மினால் அங்கே அவள் துஆ சொல்வாள். அதனால் எழுதி, உறையை நன்றாக ஒட்டி, அந்த இன்ஷிராஹ் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து படிக்காதே, உன் முகம் எதையும் மறைக்காது.

நீ இதை என்னிடம் இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நேற்று முந்தாநாள் வந்த எரிச்சல் இல்லை, நீ பிறந்ததிலிருந்து எரிகிறது. நீ பிறந்த கையோடு எனக்கு விஷக்காய்ச்சல் வந்து என்னைக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள், அப்போது தன் கடைக்குட்டி மம்தூஹைப் பெற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்ஷிராஹ் உன்னையும் மார்பில் போட்டுக்கொண்டாள். நான் பிழைத்து வீட்டுக்கு வந்தேன், என் பால் வற்றியிருந்தது, அதற்குப் பிறகு எனக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. அவளுக்கு நான்கு, எனக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் அவள் பால் அம்மா என்று பங்குக்கு வந்து உட்கார்ந்தால் நான் எப்படிப் பொறுப்பேன் சொல். நீ முதன்முதலில் தத்தி நடந்தது அவள் வீட்டுக் கூடத்தில். உன் கல்யாணத்தன்று மணமேடைக்கு ஏறுமுன் நீ முத்தம் கொடுத்தது முதலில் எனக்குத்தான், ஆனால் அவளுக்குக் கொடுத்தபோது அதிக நேரம் கட்டிக்கொண்டிருந்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன பெருநாளைக்கு அங்கிருந்து இரண்டு சால்வை அனுப்பினாய். எனக்குச் சாம்பல் நிறம், அவளுக்கு மாதுளை நிறம். எனக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும் என்று யார் சொன்னது? அந்தப் பாலால் கிடைத்த நன்மை ஒன்றே ஒன்றுதான், ஒரே பால் குடித்து அண்ணன் தங்கை முறை ஆகிவிட்டதால் அந்தச் சோம்பேறி மம்தூஹை உனக்குக் கட்டிவைக்கலாமா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன், நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். காலில் ரத்தம் உறைந்திருக்கிறது, விமானத்தில் மடக்கி உட்கார்ந்தால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும், கோடை வரைக்கும் பயணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று நான் வீட்டுக்கு வந்து உன் பிள்ளைக்காகத் தைத்து வைத்திருந்த சின்னச் சட்டைகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அடுத்த நாள் காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், காற்றுவழி வழியாக அவள் குரல் வருகிறது. அவள் போனில் பேசினால் போனே இல்லாமல் இத்தாலிக்குக் கேட்குமே. "விசா கைக்கு வந்துடுச்சு கண்ணு, நீ கவலப்படாத, நான் வந்து பாத்துக்கறேன். உங்கம்மாகிட்ட மட்டும் நீயே பக்குவமா சொல்லிடு, என்னால அவ மூஞ்சியப் பாக்க முடியாது" என்கிறாள். அப்படியானால் என் கால் வீங்க ஆரம்பித்தபோதே, அம்மா வராவிட்டால் என்று நினைத்து அவளுக்கும் சேர்த்து நீ விசாவுக்குக் காகிதம் அனுப்பியிருக்கிறாய். அவளும் கெய்ரோவுக்குப் போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்திருக்கிறாள், மகள் வீட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு. நினைத்துப் பார்த்தால் அவள் பொய்கூடச் சொல்லவில்லை. கத்தி என் விரலைக் கீறியது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த ஆத்திரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அன்று அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் இமாம் ஷேக் தசூக்கியைப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரி எத்தனை தடவை பால் கொடுத்தால் அவள் அம்மா ஆவாள் என்று கேட்டேன். வயிறு நிறைய ஐந்து தடவை என்றார். இது நான்குதான் ஹஜ்ரத், அதிலும் ஒரு தடவை குழந்தை கக்கிவிட்டது என்றேன். அந்த மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்ப உறவே ஆகாதும்மா, தடையே இல்ல. பையன் யாரு?" என்று கேட்டார். உறவே ஆகாது என்ற வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்துவிட்டது, அதற்கு மேல் அவர் என்ன கேட்டார் என்று நான் யோசிக்கவே இல்லை, பக்கத்து வீட்டு மம்தூஹ்தான் என்று சொல்லிவிட்டு காலை இழுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் முறையை எங்கள் ஊரில் யாராவது போய் விசாரித்தால் அது கல்யாணத்துக்காகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பொறாமை வந்தவளுக்குப் புத்தி எங்கே இருக்கும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஷேக் மம்தூஹைக் கட்டிப்பிடித்து, தடை நீங்கிவிட்டது, முபாரக் என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் மம்தூஹின் பெண்டாட்டி ஸமாஹ் இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு எங்கள் மாடிப்படிக்கு வந்து நின்றுவிட்டாள். "எம் புருஷனுக்கு ரெண்டாவது பொண்டாட்டி பாக்குறீங்களா? அதுவும் கல்யாணமான பொண்ண? அதுவும் மாசமா இருக்கறவள? உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று அவள் கத்திய கத்தலில் ஐந்து மாடியும் வெளியே வந்தது. உன் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், ஸமாஹைப் பார்த்தார், "மருமகனை மாத்தறதா இருந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார். கல்யாணம் எதுவும் இல்லை, நான் பாலை ரத்து செய்யத்தான் போனேன் என்று எல்லோர் முன்னாலும் விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், இன்ஷிராஹ் தன் வீட்டு வாசலில் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். அவள் உள்ளே போய் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். நாங்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்ததிலிருந்து அந்த ஜன்னல் சாத்தி நான் பார்த்ததே இல்லை. மறுநாள் உன் அப்பாவைக் கூப்பிட்டு, "பாலே இல்லேன்னா நான் யாரு அங்க போக? பக்கத்து வீட்டுக்காரி. பக்கத்து வீட்டுக்காரி பிரசவம் பாக்கக் கடல் தாண்டுவாளா? நஷ்வாகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே" என்றாளாம். அவர் வந்து சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா, திராட்சை இலையில் சோறு பொதிந்து ஒரு சட்டி நிறையச் சமைத்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

அன்று சாயங்காலம்தான் நீ பேசினாய். நீ அழுவாய், நான் சமாதானம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ அழவில்லை. சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா, இங்க நர்ஸுங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க, வாயேலுக்கு லீவு கெடைக்கலேன்னாலும் நான் தனியா சமாளிச்சுப்பேன்" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும் நஷ்வா. ஊஞ்சலிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்து அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றபோது இதே குரலில்தான் ஒன்றுமில்லை என்று சொன்னாய். போனை வைத்ததும் மிச்சமிருந்த சட்டியை மூடி வைத்தேன். பாஷை தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்கள் நடுவில், என் மகள் தனியாகக் கிடந்து பெறுவதற்கா நான் ஜெயித்தேன்?

எழுந்து போனேன். மஷப்பக் இனிப்பு ஒரு தட்டு கையில் இருந்தது, வெறுங்கையோடு போக எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை, என் காலைப் பற்றித் தெரிந்திருந்தும். நின்றபடியே சொன்னேன், இன்ஷிராஹ், ஐந்து தடவைக்கு மேலே என்று. பூண்டைப் பார்த்துக்கொண்டே, "எத்தனைக்கு மேல?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும், நான் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், கொடுத்தவள் நீதானே, எத்தனை என்று நீயே சொல் என்றேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எண்ணலையே நஷ்வாம்மா. புள்ள அழுதா, தூக்கினேன். மம்தூஹ் அழுதா, அவன் கொஞ்சம் பொறுத்துக்கட்டும்னு விட்டேன், அவனுக்கு அம்மா பக்கத்துலயே இருந்தாளே" என்றாள்.

அவள் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். நீதான் பால் அம்மா, நீ போய்த்தான் ஆக வேண்டும், நான் அனுப்புகிறேன் என்று என் வாயாலேயே சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் வேப்பங்காயாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் லேசில் விடுகிறவளா? "எங்கிட்ட சொன்னா போதாது. அந்த ஷேக்கிட்டயும் வந்து சொல்லு, ஸமாஹ் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றாள். இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். ஷேக் தசூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை சந்தேகம் வந்தால் உன் அப்பாவை அனுப்பச் சொன்னார். திரும்பி வந்ததும் அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள், அன்றிலிருந்து காலையில் எழுந்தால் பழையபடி அவள் குரல்தான்.

இப்போது கவனமாகக் கேள். பிள்ளை பெற்றதும் பிள்ளைபெற்றவள் குடிக்கிற முகாத் பானம் காய்ச்சித் தருவாள். நெய்யை அள்ளி விடுவாள், பருப்பைக் கருக விடுவாள், என்னுடையது மாதிரி இருக்காது. இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடு, உடம்புக்கு நல்லது. ஏழாம் நாள் சடங்குக்கு என் பித்தளை உரலைத்தான் அனுப்பியிருக்கிறேன். தன் உரலை எடுத்து வருவதாகத்தான் நின்றாள், நான் விடவில்லை. விமானத்துக்குப் பெட்டியின் கனம் கூடிப்போய்த் தன் உடுப்பில் இரண்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு உரலை வைத்தாள், அதனால் அவளுக்கு அங்கே ஒரு நல்ல கவுன் வாங்கிக் கொடு, மாதுளை நிறம் வேண்டாம். குழந்தையைச் சல்லடையில் படுக்கவைத்துக் காதருகே உரலைத் தட்டி, அம்மா பேச்சைக் கேள், அப்பா பேச்சைக் கேட்காதே என்று அவள் கத்தும்போது, பாட்டி பேச்சைக் கேள் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல். எந்தப் பாட்டி என்று விளக்க வேண்டாம், அவளுக்கே தெரியும், வேண்டுமென்றே மறப்பாள். அவள் குளிர் தாங்கமாட்டாள், கணப்புக்குப் பக்கத்தில் படுக்கை போடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

உன் அப்பா துஆ சொல்லச் சொன்னார், அங்கே நல்ல மரச்சாமான் கிடைக்கிறதா, தொட்டிலுக்கு யார் மெருகு பூசினார்கள் என்று கேட்கிறார். கோடையில் டாக்டர் கையெழுத்துப் போட்டதும் நான் வருவேன், வந்து என் பேரப்பிள்ளையை யாருக்கும் தரமாட்டேன். அல்லாஹ் உன் சுமையை லேசாக்கி, தாயும் சேயும் வேறுவேறாக நல்லபடி எழுந்திருக்க வைக்கட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. வலி உச்சத்துக்கு வரும்போது நீ அம்மா என்று கத்துவாய், எல்லாப் பெண்களும் கத்துவார்கள், நானும் கத்தினேன். அப்போது பக்கத்தில் நிற்கிற அந்த இன்ஷிராஹ், இதோ இருக்கேன் கண்ணு என்று பதில் சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும். அவள் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொள் மகளே, விட்டுவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அவாதிஃப்