சாரத்துண்டில் சுற்றிய தக்காளிப் போத்தல்கள்

பெருமதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்கு எழுதியிருக்க வேண்டிய மடலை ஓராண்டும் நான்கு மாதங்களும் கடந்து இன்று எழுதத் தொடங்குகின்றேன். இத்தாமதத்துக்கு முதற்கண் தங்கள் மன்னிப்பைக் கோருகின்றேன். நோயும் வேலையும் குறுக்கிட்டன என்று எழுதுவது வழமை. அப்படி எழுதினால் அது பொய்யாகும். வெட்கத்தினால் எழுதாமல் இருந்தேன்.

இன்று காலை உங்களுடைய கடைசித் தக்காளிப் போத்தலைத் திறந்தேன். நிலவறைத் தட்டின் மூலையில், என் ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பின்னால், இத்தனை நாளும் அதனை ஒளித்து வைத்திருந்தேன். மூடியின் மேல் நீங்கள் ஒட்டிய வெள்ளைத் துண்டில் ‘06’ என்று இரண்டே இலக்கங்கள். மூடி இலேசில் அசையவில்லை. கரண்டிக் காம்பினால் விளிம்பை நெம்பியபோது காற்று உள்ளே புகும் அந்தச் சிறிய ஓசை கேட்டது. உடனே மணம் வந்தது. வெயிலில் வாடிய தக்காளியும், போத்தலின் அடியில் நீங்கள் வைத்த ஒற்றைப் பசில் இலையும் சேர்ந்த மணம். வெளியே எங்கள் நோர்வேப் புறநகரான லோறென்ஸ்கூக் முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது. என் சமையலறையில் மட்டும் சிறிது நேரம் ஆவணி மாதம் நின்றது.

திறப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வடகோடி ஹம்மர்பெஸ்டிலிருந்து உங்கள் மகளின் அட்டை வந்தது. அதனைப் பின்னர் சொல்கின்றேன். முறைப்படி முதலிலிருந்து சொன்னால்தான் என்னால் கடைசி வரை போக முடியும்.

நகரத்தில், குறொன்லாண்டில், நாங்கள் ஒரே தொடர்மாடியில் குடியிருந்தோம். நீங்கள் இரண்டாம் மாடி, நாங்கள் நான்காம் மாடி. முதியோர் இல்லச் சமையலறையில் இருவரும் ஒரே வேலைநேரத்தில் உருளைக்கிழங்கு உரித்தோம். நீங்கள் இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவிலிருந்து ஒரு நோர்வேக் கப்பற்காரரைக் கைப்பிடித்து வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். இருவருக்கும் பொதுவாக இருந்தது இரவல் மொழி ஒன்றுதான். நீங்கள் அதனைக் கண்டபடி போட்டு உடைத்துப் பேசினீர்கள். நானோ அகராதியை மடியில் வைத்துப் படித்தவள். வாக்கியம் முழுமையாக வந்த பின்னரே வாய் திறப்பேன். “நீ இந்தப் பாஷையை இஸ்திரி போட்டெல்லோ கதைக்கிறாய், புரொபெஸரா!” என்று எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்வீர்கள். நீங்கள் பேசியது நோர்வேஜிய மொழியே. ஆனால் என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். ஆகையால் இங்கே அப்படியே எழுதுகின்றேன்.

ஆவணி கடைசியில் குறொன்லாண்டுக் கடைக்காரர் கனிந்து தளர்ந்த தக்காளிகளைப் பெட்டி பெட்டியாக உங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார். அவற்றை அவித்துத் தோலும் விதையும் போக அரைத்து, போத்தல்களில் நிரப்பி மூடுவீர்கள். அந்தப் போத்தல்களை மறுபடியும் கொதிநீரில் அவிக்க உங்களிடம் போதிய பாத்திரம் இருக்கவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் கிடாரம் என் கணவரின் பொறுப்பில் இருந்தது. அதனைப் பின்முற்றத்து எரிவாயு அடுப்பில் ஏற்றியபோது நீங்கள் இரு கைகளையும் தலையில் வைத்து, “மாதாவே! இதுக்குள்ளை ஆளையே அவிக்கலாம்!” என்றீர்கள்.

போத்தல்கள் கொதியில் ஒன்றோடொன்று முட்டி வெடிக்காதிருக்க, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி அடுக்க வேண்டும் என்றீர்கள். பழைய துணியாக, பலமுறை தோய்த்து மெதுமையானதாக இருக்க வேண்டுமாம். நான் மேலே சென்று என் கணவர் வீட்டில் இடுப்பில் உடுக்கும் சாரங்கள் மூன்றைக் கொண்டுவந்து கிழித்தேன். அவர் வேலை முடிந்து வந்து கிடாரத்தை எட்டிப் பார்த்தார்.

“இதென்ன, என்ரை சாரமெல்லோ! தக்காளிக்குக் கோவணம் கட்டி விட்டிருக்கிறியள்!”

அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் நீங்கள் அடுப்படியில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தீர்கள். “சொல்லு அவருக்கு, எங்கடை அப்பாவின்ரை சேட்டுகளும் இப்பிடித்தான் போய்ச் சேந்தது.”

அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் புதுச் சாரம் வாங்கும்போது அவர், “இது எனக்கோ, தக்காளிக்கோ?” என்று கேட்பார்.

அவித்த போத்தல்களை உடனே எடுக்க நீங்கள் விடமாட்டீர்கள். தண்ணீரோடு தாமாகவே ஆற வேண்டும். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மூடியின் நடுவே பெருவிரலால் அழுத்துவீர்கள். அசையாதிருந்தால் நல்லது. ‘டிக்’ என்று எழும்பினால் தட்டில் வைக்கக் கூடாது. அந்த வேளையில் யாரும் பேசக் கூடாது. நான் ஒருமுறை வாய் திறந்ததற்கு நனைந்த சாரத்துண்டால் எறிந்தீர்கள்.

உங்களுக்கு எழுத வராது என்பதை மூன்று ஆண்டுகளாக நான் அறியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் மூடிகளில் ஆண்டை மட்டும் எழுதுகிறீர்கள், உள்ளே இருப்பது என்னவென்றும் எழுதலாமே என்று கேட்டேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, “எண்ணெண்டா எழுதுவன். எழுத்துப் பழக முதல் என்னைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பிப் போட்டினம்” என்றீர்கள். பிறகு, இன்னும் என் முகத்தைப் பார்க்காமல், “நீ படிச்சனி. நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவியோ? மகளுக்குக் குடுக்க” என்று கேட்டீர்கள்.

அந்த நொடியில் நான் ஓர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிகுதியெல்லாம் நானாகவே வாசித்துத் தேடிக்கொண்டது. சங்கத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களும் இரங்கல் அறிவித்தல்களும் என் கையால் எழுதப்படுவதனால், என்னைப் படித்தவள் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நீங்களும் அப்படியே எண்ண விட்டேன். “நிச்சயமாக எழுதித் தருவேன்” என்று முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன்.

இரண்டு ஆண்டுகளின் ஞாயிறு மாலைகள் உங்கள் சமையலறையில் கழிந்தன. நீங்கள் சமைத்தபடியே சொன்னீர்கள். கை ஓடும் வேகத்துக்கு எழுத எனக்குத் தமிழில்தான் முடிந்தது. நீல மட்டைக் கொப்பியில் தக்காளி, காடியில் அவித்து எண்ணெயில் இட்ட கத்தரிக்காய், நத்தார்ப் பண்டிகைக்குப் பொரிக்கும் மாவுருண்டை என்று நாற்பத்தொரு குறிப்புகள். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால், “ஒரு பெருமூச்சு விடுற நேரம் ஊத்து” என்பீர்கள். அதனையும் ‘எண்ணெய்: ஒரு பெருமூச்சளவு’ என்று முறையாகக் குறித்துக்கொண்டேன்.

நீங்கள் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, “கொதிக்கிற பானைக்குள்ளை மாக்கறோனி சுத்துற மாதிரிக் கிடக்கு. இதை ஆர் வாசிக்கிறது?” என்றீர்கள்.

“இது வரைவு மட்டுமே. நோர்வேஜிய மொழியில் செப்பமாகப் படியெடுத்துத் தருவேன்.”

“எப்ப?”

“அடுத்த மாதம்.”

“கெதியா எழுது. மகளுக்குக் கடலுக்கடியிலை காஸ் குழாய் போடத் தெரியும். ஒரு தக்காளிக்குத் தோல் உரிக்கத் தெரியாது.”

படியெடுப்பதற்கென்று தடித்த அட்டைபோட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். முதற்பக்கத்தை எழுதி முடித்து, அகராதியோடு ஒப்பிட்டேன். இரண்டு சொற்கள் பிழை. கிழித்தேன். இரண்டாம் முறை ஒரு வாக்கியம் கோணலாகப்பட்டது. கிழித்தேன். உங்கள் மகள் பொறியியலாளர். அவர் வாசித்து, அம்மா படித்தவள் என்று நம்பியது இவளைத்தானா என்று நினைப்பாரோ என்ற எண்ணம் ஒவ்வொரு வரியிலும் வந்து நின்றது. கொப்பி மெலிந்துகொண்டே போனது. முதற்குறிப்பைத் தாண்டி நான் ஒருபோதும் எழுதவில்லை.

அந்த ‘06’ போத்தல்கள் ஆறிய மறு மாதம் நாங்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்தோம். கிடாரத்தையும் ஏற்றிக்கொண்டு போனோம். நீங்கள் தெருவில் நின்று, “கிடாரம் போகுது, பரவாயில்லை. புத்தகம் வருமெல்லோ?” என்றீர்கள். பேருந்தில் அரைமணி நேரம்தான். இருந்தும் உங்களிடம் வருவதைக் குறைத்தேன். வந்தால் அந்தக் கேள்வி வரும்.

அடுத்த ஆவணியில் தக்காளி வாங்கவில்லை. நீங்கள் வைத்தியசாலையில் இருந்தீர்கள். கட்டிலருகே அமர்ந்தபோது, உங்கள் கை போர்வையின் மேல் மெல்ல நகர்ந்து என் கைப்பையைத் தொட்டது.

“கொண்டு வந்தனியோ?”

அப்போது சொன்னேன். பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கறுப்புத் தோலட்டை, பொன்னிற எழுத்து என்றும் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். நீங்கள் கண்களை மூடிக்கொண்டு, “பொன்னெழுத்தோ? அட, என்ரை கத்தரிக்காய்க்கு!” என்று சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

உங்கள் இறுதிச் சடங்குக்குப் பிறகு, தேவாலயத்தின் கீழ் அறையில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். உங்கள் மகள் என்னிடம் வந்தார். உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு, ஆனால் மிக அமைதியான குரல். அவர் பேசிய நோர்வேஜிய மொழியும் என் காதில் உங்கள் தமிழாகவே விழுந்தது.

“கடைசிக் கிழமைகளில் அம்மா ஒரு புத்தகத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தா. தன்ரை சமையல் எல்லாத்தையும் நீங்கள் எழுதினதாம். பொன்னெழுத்துப் போட்டுக் கட்டக் குடுத்திருக்காம். அப்பிடி ஒண்டு இருக்கோ?”

நீலக் கொப்பி வீட்டில் இருந்தது. இருக்கிறது, ஆனால் தமிழில் இருக்கிறது, பொன்னெழுத்து என்றது பொய் என்று மூன்று சிறிய வாக்கியங்கள் போதும்.

“இல்லை” என்றேன்.

அவர் தலையசைத்தார். “நானும் அப்பிடித்தான் நினைச்சனான். மருந்து கனக்க. மயக்கத்திலை சொல்லியிருக்கிறா.”

அம்மையார் அவர்களே, உங்கள் அறிவு கடைசி வரை தெளிவாகவே இருந்தது. நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் மகளிடம் ஒப்புவித்தீர்கள். உங்களைப் புத்தி தடுமாறியவராக உங்கள் பிள்ளையின் மனதில் பதிய விட்டது நான். புத்தகம் எழுதாததற்குக் கூட என்னிடம் ஏதேனும் விளக்கம் உண்டு. இதற்கு இல்லை. அன்று வீடு திரும்பும் பேருந்தில் என் கணவர், “மகள் என்னப்பா கேட்டவா?” என்றார். “ஒண்டுமில்லை” என்றேன். இரண்டாவது முறையும் அதே சொல் எனக்கு எளிதாகவே வந்தது.

இனிச் செவ்வாய்க்கிழமை வந்த அட்டை. உங்கள் மகள் சென்ற இலையுதிர் காலத்தில் தானாகவே தக்காளி அடைத்துப் பார்த்தாராம். பன்னிரண்டு போத்தல்கள். நான்கு கொதியிலேயே வெடித்துவிட்டன. மிகுதி எட்டின் மூடிகளும் நத்தாருக்குள் புடைத்து எழும்பிவிட்டன. எல்லாவற்றையும் கொட்டினாராம். கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘அம்மா எதையோ சுற்றி வைப்பா என்று நினைவிருக்கிறது. நான் அப்போது கவனித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றிருப்பீர்களே, உங்களுக்குத் தெரியுமா?’

இரண்டு நாட்கள் அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று போத்தலைத் திறந்து, வெங்காயம் போடாமல், நீங்கள் சொன்ன பெருமூச்சளவு எண்ணெயில் தக்காளியைக் காய்ச்சினேன். என் கணவர் ஒரு வாய் உண்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். “அவவின்ரை கையெல்லோ இது” என்றார். அவரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு எழுந்து போய், அலுமாரியிலிருந்து பழைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“கடிதத்தோடை இதையும் அனுப்பு. துண்டு சின்னனாக் கிழி. தபாலிலை பாரம் கூடிப்போம்.”

அகராதியை எடுக்காமல் உங்கள் மகளுக்கு எழுதினேன். கொப்பி இருக்கிறது என்று எழுதினேன். ‘உங்கள் அம்மா மயக்கத்தில் பேசவில்லை, நான் அவருக்குச் சொன்ன பொய்யைத்தான் உங்களிடம் சொன்னார்’ என்று எழுதினேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்பதையும் எழுதினேன். தக்காளிக் குறிப்பை முழுவதுமாக, துணியில் சுற்றுவது முதல் தண்ணீரில் ஆறவிடுவது வரை, தெரிந்த மொழியில் தெரிந்த மட்டில் சொன்னேன். மற்ற நாற்பதையும், அவர் விரும்பினால், தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுகிறேன், அவர் தன் கையாலேயே திருத்தி எழுதிக்கொள்ளட்டும் என்றேன். இரண்டு இடங்களில் வெட்டி எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் தக்காளிச் சாறு சிந்திவிட்டது. கிழிக்கவில்லை. சாரத்துண்டையும் உள்ளே வைத்து, சற்றுமுன் பனியில் நடந்து போய்ச் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அவர் மன்னிப்பாரா என்பது தெரியவில்லை. அதனைக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நான் எண்ணவில்லை. கடைகளில் எந்தப் போத்தலை எடுத்தாலும் என் பெருவிரல் முதலில் மூடியின் நடுவேதான் போகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். அழுத்தி முடிக்கும் வரை நான் யாரோடும் பேசுவதில்லை.

மகளுக்கு எழுதிய கடிதத்தை எந்த வரியில் முடித்தேனோ, அதே வரியில் உங்களுக்கும் முடிக்கின்றேன். தயவுசெய்து விரைவாகப் பதில் தரவும்.