நாற்பத்தொன்றாவது வரி

ஜூலை 7, திங்கள்

என் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். மாப்பிள்ளை லிஜின் தோஹாவில் இருந்தபடியே ஆன்லைனில் ஒரு ஷீட் திறந்து, இரண்டு வீட்டாரையும் அதில் சேர்த்துவிட்டார். பந்தல் முதல் பாயசம் வரை ஒரு வேலைக்கு ஒரு வரி; பக்கத்தில் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். அங்கே அவருக்கு டாக்குமென்ட் கன்ட்ரோலர் உத்தியோகம். கம்பெனிக் காகிதங்களையே அடக்கி ஆள்கிறவர் கல்யாணத்தைச் சும்மா விடுவாரா?

"எதாவது தெரியலேன்னா ரைட் கிளிக் பண்ணு ஜினி. போன்னா அழுத்திப் பிடி. எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு" என்றார். எங்கள் போதகர் வேதாகமத்தைப் பற்றிக்கூட இத்தனை உறுதியாகச் சொன்னதில்லை.

மாலைக்குள் அவருடைய அம்மா நேசபாய் மாமி எதையோ அழுத்திப் பிடித்து, மொத்த ஷீட்டையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். சாம்பாருக்குப் பிறகு தாலி. பந்தலுக்குப் பிறகு மாப்பிள்ளை. லிஜின் கோபப்படாமல் பழையபடி மாற்றிவைத்தார். நல்ல மனுஷன்தான்.

ஜூலை 12, சனி

நாற்பத்தொன்றாவது வரி. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. மேலே "நாற்காலி வாடகை", கீழே "வாழைக்குலை". நடுவில்: "ஜினிஷா வேலையை ராஜினாமா செய்தல். ஆகஸ்ட் 20க்குள். பொறுப்பு: ஜினிஷா."

மூன்று தடவை தேர்வு எழுதி வாங்கிய வேலை. நாகர்கோவிலில் அரசு அலுவலகம், இளநிலை உதவியாளர். அதை நாற்காலிக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்றே, வேலையை விடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறுக்குத் தட்டோடு குறுக்கே வந்தாள். "அதெல்லாம் பெறவு பேசலாம்." பிறகு யாரும் பேசவில்லை. வாயால் கேட்கத் துணிவில்லாமல் இப்படி எழுதி வைப்பதா?

ரைட் கிளிக். டெலீட். போச்சு.

சாயங்காலம் லிஜின் கூப்பிட்டார். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன். நீங்க?" என்றேன். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்ன ஒரு பொருத்தம்!

ஜூலை 14, திங்கள்

திரும்பி வந்துவிட்டது. அதே வார்த்தை, அதே தேதி. மாமி கைங்கரியமாகத்தான் இருக்கும். அழித்தால்தானே மறுபடி எழுதுவார்? இந்தத் தடவை ரைட் கிளிக், ஹைட். இனி யார் கண்ணிலும் படாது.

ஜூலை 15, செவ்வாய்

பட்டுவிட்டது. வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 19, சனி

ரைட் கிளிக், கமென்ட். "இதை எழுதியது யார்?" என்று அடித்தேன். அனுப்பவில்லை. போய்ச் சேருமுன்பே வாயாடி என்று பெயர் வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஐஸ்கிரீம் வரியில் போய், "வெனிலா கண்டிப்பாக வேண்டாம்" என்று கமென்ட் போட்டேன். பாவம், வெனிலா என்ன செய்தது?

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து பார்க்கிறேன். அந்த வரியில் லிஜினின் கமென்ட்: "ரொம்ப சந்தோஷம் ஜினி. இங்க எல்லாம் ரெடி பண்ணிட்டேன்." கூடவே ஒரு கட்டைவிரல்.

சந்தோஷமாம்! எனக்க வேலைய நான் விடுகதுக்கு இவனுக்கு என்ன சந்தோஷம்? யாருகிட்ட கேட்டு ரெடி பண்ணினான்? நான் என்ன வாழைக்குலையா, ஆள் வச்சு எறக்கி லாரில ஏத்த? கட்டைவிரலாம் கட்டைவிரல்!

— இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா தாங்குவாளா?

ஆகஸ்ட் 2, சனி

காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று. அம்மா முகம் வெளிறிப்போயிற்று. அடுக்களைக்குள் போய்விட்டாள்.

லிஜினிடம் சொல்லுமுன் கையில் சாட்சி வேண்டும் அல்லவா? லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து, எடிட் ஹிஸ்டரியைப் பார்த்தேன். யார் எழுதினார்கள் என்று பெயரோடு காட்டும். மாமி பெயரா, மகன் பெயரா, இரண்டில் ஒன்று.

ஜினிஷா.

எழுதியது நானாம். நான் ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நானே என்னை ராஜினாமா செய்திருக்கிறேன்! ஒரு நிமிஷம், பேய் பிடித்துவிட்டதா என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, என் பழைய போன். போன வருஷம் அம்மாவிடம் கொடுத்தது. அதில் இன்னும் என் மெயில்தான் கிடக்கிறது.

அடுக்களைக்குப் போனேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நாந்தான் மக்ளே" என்றாள் அம்மா. "வேலைய விடமாட்டேன்னு நீ சொல்லி ரெண்டு எடம் போச்சு. இதுவும் போனா நான் என்ன செய்ய? அவிய கேக்கதுக்கு முந்தி நாமளே எழுதி வச்சா ஒரு மதிப்புல்லா?"

"எனக்க பேருல எழுதுவியா?"

"உனக்க பேரு விழும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அழுத்திப் பிடிச்சேன், வந்துது. நீ மறைச்சி வச்சதயும் அப்பிடித்தான் கண்டுபிடிச்சேன்."

அதில் ஒரு பெருமை வேறு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதுவிட்டேன். அம்மா எனக்கு மேல் அழுதாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லிஜினிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் இங்க வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்திரணும்னுதான் இருந்தேன், ஜினி" என்றார். "கல்யாணத்தன்னைக்குச் சொல்லி உன்னை அசத்தலாம்னு வச்சிருந்தேன். அப்பத்தான் இந்த வரியைப் பாத்தேன். நீ இங்க வர ஆசைப்பட்டு வேலையவே விடுகேன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே வேலை பாக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எடிட் ஹிஸ்டரியில உன் பேரு இருந்துச்சு. அதுக்கு மேல என்ன கேக்க?"

டாக்குமென்ட் கன்ட்ரோலர்!

நான்தான் என்ன ஒழுங்கு? தினமும் போன் வந்தது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, மீதியை எல்லாம் மெனுவில் பேசினேன்.

"நீ வேலைய விடாத. இதைப் போன்லயே சொல்லிருக்கணும், சொல்லலை" என்றார். அவரை லைனில் வைத்துக்கொண்டே வரியை அழித்தேன். நிம்மதியாக இருந்தது. இரண்டு வருஷம் என்பதை நினைத்தால் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் முறை வாசித்தார்கள். தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டபோது, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று கல்யாணம். எல்லா வரியிலும் டிக். ஐஸ்கிரீம் வெனிலாதான்.

அக்டோபர் 6, திங்கள்

லிஜின் நேற்று போய்விட்டார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அழக்கூடாது என்று இருந்தேன், அழுதேன். வேலை கையில் இருக்கிறது, மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம். யாரைக் குறை சொல்வது?

நான் கொட்டாரம் ஊரில், லிஜின் வீட்டில், மாமியோடு. காலையில் சோறு கட்டித் தந்து பஸ் ஸ்டாப் வரை வருகிறார். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "எனக்க மருமவ கவர்மென்ட் வேலையாக்கும்" என்கிறார். இவரையா நான் சந்தேகப்பட்டேன்?

ஷீட்டை மட்டும் லிஜின் விடவில்லை. பெயரைக் "குடும்பம்" என்று மாற்றியிருக்கிறார். முதல் வரி, கேஸ் சிலிண்டர்.

நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் லிஜின் கூப்பிட்டார். குரலில் ஒரு படபடப்பு. ஷீட்டில் புதிதாக ஒரு வரியாம்: "லிஜின் வேலையை ராஜினாமா செய்தல். ஜனவரி 31க்குள். பொறுப்பு: லிஜின்."

"நீயா போட்டே?"

"இல்லியே. ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க."

"பாத்துட்டேன். எனக்க பேருதான் காட்டுது."

"உங்க பேருதானே இருக்கு? அதுக்கு மேல என்ன கேக்க?" என்றேன்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. போனோடு அடுக்களைக்குப் போனேன். மாமி லிஜினின் பழைய போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்தார்.

"அவன் என்ன சொல்லுகான் மக்ளே?"

"யோசிக்காங்க மாமி" என்றேன்.