இருபத்தேழாம் இலக்கம்

அக்கா,

இன்று காலை ஐந்தாம் இலக்கக்காரி வாயைத் திறந்தபோது கராம்பு மணந்தது. இறக்கக்கண்டியில் இருந்து மகனின் இருமலுக்கு மருந்தெடுக்க வந்த மனுஷி. பிள்ளையைப் பார்த்து முடிந்ததும், “இனி உங்கட வாயைக் காட்டுங்கோ” என்றேன். “எனக்கு ஒண்டும் இல்லை, டொக்டர்” என்று முக்காட்டு நுனியை உதட்டருகே கொண்டுபோனார். அந்தக் கை போன விதமும் அந்த மணமும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் டோர்ச்சை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. மனுஷி பயந்துபோய், “என்ன டொக்டர், கூடாத வருத்தமோ?” என்று கேட்டார். இல்லை, வேறொருவரின் ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னேன்.

அந்த வேறொருவருக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுதி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால், “எழுத்தை விட்டிட்டு ஆக்களைக் கூப்பிடுங்கோ, வெளி வாங்கில பதினெட்டுப் பேர் காஞ்சுகொண்டு இருக்கினம்” என்று வாசலில் நின்றே ஏசியிருப்பீர்கள்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. உங்களுக்கு அதைவிட நீளம். கூட்டித் துடைக்கத்தான் வந்தீர்கள். மூன்றாம் மாதமே என் டிஸ்பென்சரியின் முன்வாசல் உங்கள் ஆட்சிக்குப் போய்விட்டது. ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை வட்டமாக வெட்டி, என் மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சால் ஒன்றிலிருந்து முப்பதுவரை இலக்கம் எழுதினீர்கள். முதலில் வந்தவருக்கு முதல் இலக்கம் என்பதுதான் உலக வழக்கம். உங்கள் வழக்கம் வேறு. சாம்பல்தீவில் இருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர் நீங்கள், அதனால் யார் எந்தப் பஸ்ஸில் வந்தார், திரும்பிப் போக எப்போது பஸ் என்று விசாரித்துத்தான் இலக்கம் கொடுப்பீர்கள். தூரத்துக்காரருக்கு முன் இலக்கம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின் இலக்கம். அன்புவழிபுரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைப் பற்றி என்னிடம் முறைப்பாடு செய்தார். “அவருக்கு வீடு நடைதூரம். மூதூர் மனிசிக்கு ரெண்டு பஸ். ஆருக்கு அவசரம் எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றீர்கள். ஆசிரியரும் பிறகு பழகிவிட்டார்.

பதினாறு வருடத்தில் நீங்கள் எடுக்காத இலக்கம் உங்களுடையது மட்டுந்தான். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் நடைபாதையில் நின்றபடியே சொல்வீர்கள், நான் எழுதிக்கொண்டே மருந்தின் பெயரைச் சொல்வேன், நீங்களே அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொள்வீர்கள். அதை ஒரு சலுகை என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

இனி வெற்றிலைக் கதை. அதைச் சொல்லாமல் இந்த மடலுக்கு வேலை இல்லை. புகையிலை வைத்து வெற்றிலை போடுவது உங்களுக்குச் சோற்றைவிட முக்கியம். வந்த முதல் கிழமையே பிடித்துக்கொண்டேன். “வாயில புற்றுநோய் வரும் எண்டு நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லுறன். என்ர வாசலிலயே நீங்கள் துப்பிக்கொண்டு நிண்டா ஆர் கேப்பினம்? வெத்திலை வேணுமெண்டா வேலை இல்லை” என்றேன். பாதி பகிடியாகத்தான் சொன்னேன். அந்தப் பாதியை நீங்கள் கேட்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல், இந்த ஒரு வேலையை நம்பியிருந்தவருக்கு அதில் எந்தப் பாதி கேட்டிருக்கும்?

அன்றிலிருந்து என் கண்முன் நீங்கள் வெற்றிலை போட்டதே இல்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் போட்டுக் கொப்பளித்து, ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு உள்ளே வருவீர்கள். என்னோடு கதைக்கும்போது மட்டும் முந்தானை நுனி உதட்டருகே போகும். எனக்குத் தெரியும். தெரியாதது போல நடிப்பதைப் பெருந்தன்மை என்று வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொன்ன வைத்தியர், தனக்குப் பத்தடிக்குள் இருந்த வாயைத் தானே மூடவைத்தார். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள், “வாய் கொஞ்சம் எரியுது, டொக்டர்” என்றீர்கள். நான் யாருக்கோ மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். “மேல் தட்டில சின்ன மருந்து ரியூப் இருக்கு, பூசுங்கோ” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாசியில் இன்னொரு ரியூப் எடுத்தீர்கள், பங்குனியில் மூன்றாவது. ஒரே புண்ணுக்கு மூன்று மாதமாக மருந்து கேட்டு வேறு யாராவது வந்திருந்தால் கதிரையில் இருத்தி, டோர்ச் அடித்து, கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பேன். நீங்கள் கதிரையில் இருக்கிற ஆள் இல்லையே.

அந்தப் பங்குனியில்தான் வங்கி முகாமையாளர் வந்தார். நாக்கின் ஓரத்தில் பருப்பளவு ஒரு புண், சுற்றிவர வெள்ளைப் படலம். அன்று மின்சாரம் இல்லை. டோர்ச்சைப் பிடிக்க உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றதில் வெளிச்சம் அவருடைய மூக்குக்குப் போனது. “ஒழுங்காப் பிடியுங்கோ” என்று அவருக்கு முன்னாலேயே கடிந்தேன். அவரை வைத்துக்கொண்டே கண்டியில் உள்ள நிபுணருக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த கிழமைக்கு நாள் வாங்கிக் கொடுத்தேன். அவர் போன பிறகு நீங்கள் போகவில்லை. டோர்ச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

“இப்பிடிப் புண் வந்தா எல்லாரும் கண்டிக்குத்தான் போகவேணுமோ, டொக்டர்?”

“மூண்டு கிழமைக்கு மேல மாறாட்டிப் போய்க் காட்டத்தான் வேணும்.”

“போனா எத்தினை நாள் பிடிக்கும்?”

“அது ஆளைப் பொறுத்தது. அவருக்குக் கார் இருக்கு, மருமகனும் அங்கதான்.”

“ஓம். அவருக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த இலக்கத்தைக் கூப்பிடப் போனீர்கள்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன், அக்கா. ஒருவர் தன் நோயைச் சொல்வதற்கு எத்தனை வழி உண்டு என்று மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள் நான். முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் நீங்கள் சொல்லிக்கொண்டு நின்றீர்கள். ஏதோ வேலைத்தளக் கதை என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. இருபத்தாறு பேரையும் பார்த்து முடிந்தது. இருபத்தேழு என்று நீங்கள் கூப்பிடும் குரல் கேட்கவில்லை. கதவைத் தட்டினார்கள். பதினாறு வருடம் தட்டாமல் வந்த நீங்கள் தட்டிவிட்டு வந்தீர்கள். வேலைக்குக் கட்டும் பழைய சேலை இல்லை, கோயிலுக்கு உடுத்தும் நீலச் சேலை. மேசையில் இருபத்தேழாம் வட்டத்தை வைத்துவிட்டு நோயாளியின் கதிரையில் இருந்தீர்கள்.

“என்ன பகிடி இது?” என்றேன்.

“பகிடி இல்லை, டொக்டர். இண்டைக்கு நான் காட்ட வந்தனான்” என்று முந்தானையை எடுத்தீர்கள்.

டோர்ச் தேவைப்படவில்லை. இடது கன்னத்தின் உட்புறம் முழுவதும் அது. கழுத்தில் கை வைத்தபோது அங்கேயும் கட்டி தட்டுப்பட்டது. “ஏன் முதலே சொல்லேல்லை?” என்று சத்தம் போட்டேன். அப்போதும் நான்தான் சத்தம் போட்டேன். “வெத்திலையை விட்டிட்டு வந்து சொல்லுவம் எண்டு பாத்தன். விட ஏலாமல் போச்சு” என்றீர்கள். புண்ணைவிட வெற்றிலையை ஒளிப்பதுதான் உங்களுக்குப் பெரிய பாடாக இருந்திருக்கிறது. அந்தப் பயத்தைத் தந்தவள் நான்.

கண்டிக்கு என் காரிலேயே கூட்டிப்போனேன். அதே நிபுணர், அதே ஒரு தொலைபேசி அழைப்பு, அதே ஒரு கிழமை. அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சிங்களம் சந்தைக்குக் காணும், அவ்வளவுதான். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். பார்த்து முடித்து, இவ்வளவு காலமும் இதை ஒரு வைத்தியரும் பார்க்கவில்லையா என்று அவர் கேட்டார். அதை நான் உங்களிடம் தமிழில் கேட்க வேண்டியிருந்தது.

“ஒரு டொக்டருக்கும் காட்டேல்லையோ எண்டு கேக்கிறார், அக்கா.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “காட்டேல்லை எண்டு சொல்லுங்கோ” என்றீர்கள். அவருக்கு விளங்காது என்ற தைரியத்தில் இன்னும் ஒன்று சொன்னீர்கள்: “உங்களைக் காட்டிக் குடுக்கவே நான் இவ்வளவு தூரம் வந்தனான்?”

நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். மறுத்திருக்கலாம். மூன்று ரியூப் என் அலுமாரியில் இருந்து போனது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டி, இந்த மாதிரிச் சனங்கள் எப்போதும் பிந்தித்தான் வருகிறார்கள் என்றார். அதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்லவே இல்லை. திரும்பி வரும் வழியில், கந்தளாய் தாண்டும்போது கேட்டீர்கள்: “கடைசியா டொக்டர் என்னவோ சொன்னவர்?” ஒன்றும் இல்லை என்றேன்.

வெட்டினார்கள், பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஆறு கிழமை கண்டியில் யாரோ தெரிந்தவர் வீட்டுப் பின்னறையில், மூத்த மகளும் நீங்களும். அவள் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தாள். கடைசியில் கஞ்சி இறங்காத நாட்களில் நான் சாம்பல்தீவுக்கு வந்தால், எழுதிக் காட்டுவீர்கள். “இண்டைக்கு எத்தினை பேர்?” என்று ஒருமுறை எழுதினீர்கள். இருபத்திரண்டு என்றேன். “தூரத்து ஆக்களை ஆர் பாக்கிறது?” என்று கீழே எழுதினீர்கள்.

செத்த வீட்டில் எனக்கு மெத்தை போட்ட கதிரையைத் தந்தார்கள். “டொக்டர் தன்ர காரிலேயே கண்டிக்குக் கொண்டு போனவ. ஆர் இந்தக் காலத்தில செய்வினம்?” என்று உங்கள் தங்கை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதைவிட என்னை அடித்திருக்கலாம். எழும்பி உண்மையைச் சொல்ல வாய் வந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. போன மாதம்தான் மூத்தவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது தானே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

வங்கி முகாமையாளர் நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, “நீங்கள் இல்லாட்டி நான் இல்லை” என்று சொல்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவர் போன பிறகு அடுத்தவரைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

இப்போது முன்வாசலில் உப்புவெளிப் பெண் ஒருத்தி நிற்கிறாள். ஒவ்வொரு மாத முதல் திங்களும் முதல் இலக்கம் அவளுக்கு. கதிரையில் இருந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். பார்க்காமல் அலுமாரியில் இருந்து ஒரு ரியூப்பும் போகாது. வெற்றிலை போட்டுவிட்டு வருகிறவர்களை ஏசுவதையும் விட்டுவிட்டேன். போட்ட வாயோடேயே வாருங்கோ, காட்டுங்கோ என்கிறேன். கண்டிக்குப் போக வேண்டியவர் என்றால் முதலில் யார் கூடப் போவார்கள், எங்கே தங்குவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கடிதம் எழுதுகிறேன். தூரத்து ஆட்களுக்கு இன்னும் முன் இலக்கம்தான்.

இருபத்தேழாம் வட்டம் மட்டும் வாசலுக்குப் போவதில்லை. அது என் மேசையில், டோர்ச்சுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நகப்பூச்சு ஒரு ஓரத்தில் உதிர்ந்துவிட்டது. இன்று இருபத்தாறுக்குப் பிறகு இருபத்தெட்டை அவள் கூப்பிட்டபோது, சீனக்குடாவில் இருந்து வந்த ஐயா ஒருவர் உள்ளே வந்து இருந்தார். நேர்மையான மனுஷன். மற்றவரின் முறையைத் தான் எடுத்துவிட்டோமோ என்று அவருக்குக் கவலை.

“எனக்கு முந்தி இருபத்தேழு இருக்கவேணும், டொக்டர். அந்த ஆள் பிந்திப் போச்சோ?”

“இல்லை ஐயா. அவ நேரத்துக்கு வந்தவ. நான்தான் பிந்தினனான்” என்றேன்.

அவர் விளங்காமல் முழித்தார். டோர்ச்சைக் கையில் எடுத்தேன். “வாயைத் திறவுங்கோ.”

“டொக்டர், நான் முழங்கால் நோவுக்கு வந்தனான்.”

“தெரியும். முதல்ல வாயைத் திறவுங்கோ.”