களத்துக்கு வெளியே அண்ணன்

மாசி 14, இரவு

எங்கள் ஊர் என் அண்ணனை உயிரோடு தள்ளிவைத்துவிட்டது. அவனுக்குச் சிறுநீரகம் பழுது. முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. இது மாறாத வருத்தம், ஆனால் தொற்றுகிற நோயில்லை என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னார்கள். யார் கேட்டார்கள்?

இன்று எங்கள் வயலில் சூடு மிதித்தோம், வெட்டிக் குவித்த கதிரை மாடுகளை விட்டு மிதிப்பித்து. உழுது விதைத்தவன் அண்ணன். அவன் களத்தில் கால்வைக்கப் போக, பெரியப்பா கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, நீ அங்கால நில். வீங்கின காலோட வந்தால் பொலி குறைஞ்சுபோம்."

"கால் வீங்கின மாதிரிப் பொலியும் வீங்கட்டுமே, பெரியப்பா" என்று அண்ணன் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் பாலைமரத்தடியில் போய்த் தனியே இருந்தான். அம்மா எல்லோருக்கும் பித்தளைப் பேணியில் தேத்தண்ணி கொடுத்தா. அவனுக்கு மட்டும் சிரட்டையில். அம்மாவுமா!

களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். நான் வேண்டுமென்றே உரத்துக் கேட்டேன்.

"அவன் விதைச்ச நெல்லைத் தின்னுவியள், அவன் கால்தான் உங்களுக்குத் தீட்டோ? சொல்லுங்கோ, பெரியப்பா!"

அவர் மாடுகளின் பக்கம் திரும்பி, "பொலி, பொலி" என்று கூவினார்.